என் மகளை வகுப்புக்கு விடுங்கள்

சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் வணக்கம்.

என் மகள் இரண்டாம் ஆண்டு மாணவி. சளிக்காய்ச்சல் வந்துபோய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. பள்ளி விட்டு வந்தவளின் காலுறையைக் கழற்றினேன். ரப்பர் பட்டை பதிந்த இடத்தைச் சுற்றி ஊசியால் குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள். அழுத்திப் பார்த்தேன், மறையவில்லை. எங்கும் இடித்துக்கொள்ளாமலே தொடையில் ரத்தக்கட்டு. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குறைந்தது 150,000 இருக்க வேண்டிய பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் அணுக்கள், 9,000தான் இருந்தது.

நம் ஊரில் பிளேட்லெட் என்றாலே டிங்கிதான் நினைவுக்கு வரும். பக்கத்து வீட்டு அக்கா பப்பாளி இலைச் சாறே கொண்டு வந்துவிட்டார். இது டிங்கி இல்லை, ஐடிபி (ITP) என்ற ரத்தக் கோளாறு. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, தன் பிளேட்லெட்டையே எதிரி என்று நினைத்து அழிக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டாது. யாரும் அவளை அடிக்கவும் இல்லை.

மருந்தே கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார்: பிளேட்லெட் எண்ணிக்கையைவிட ரத்தக் கசிவுதான் முக்கியம், தோலில் மட்டும் தெரிகிறது, வாயிலோ மூக்கிலோ இல்லை என்றால் கவனித்து வந்தாலே போதும். அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. ஸ்டீராய்டும் நரம்பில் ஏற்றும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தும் எண்ணிக்கையைச் சீக்கிரம் ஏற்றும், நோயைப் போக்காது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஓராண்டுக்குள் தானாகவே சரியாகிவிடும்.

அந்த ஓராண்டைப் பற்றித்தான் இந்த மடல். எண்ணிக்கை ஏறும்வரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் நீங்கள் பயப்படும் மூளை ரத்தக் கசிவு 100 பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. ஆறு வாரமாக என் பிள்ளை சீருடையைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று பள்ளி பஸ் போவதைப் பார்க்கிறாள். என்னால் தாங்க முடியவில்லை.

அவள் வரட்டும். முட்டிமோதும் ஆட்டங்களும் உயரத்தில் ஏறுவதும் மட்டும் வேண்டாம். மூக்கில் ரத்தம் வந்தால் உட்காரவைத்து, தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடியுங்கள். நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. தலையில் அடிபட்டாலோ, கடும் தலைவலியோடு வாந்தி எடுத்தாலோ உடனே 999 அவசர எண்ணுக்கு அழையுங்கள். அப்புறம் எனக்குச் சொன்னால் போதும். வலி மாத்திரைகளான ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் கூடவே கூடாது.

டாக்டர் கடிதம் என் கைப்பையில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் அம்மா