கல்லும் புல்லும்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. முழங்கால் வலி, மருமகளின் வளைகாப்பு, நடுவில் கிணற்று மோட்டார் ரிப்பேர் என்று பதில் தள்ளிப்போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே. சர்க்கரையும் கூடிவிட்டதால் டாக்டர் இரவுச் சோற்றை நிறுத்தச் சொல்லிவிட்டார். 'உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு என்று ஔவை அன்றைக்கே சொல்லியிருக்காளே' என்கிறார் இவர். அவருக்கும் அதே சர்க்கரைதான்!

பட்டிமன்றத்தில் கேட்டதாக நீ எழுதிய விளக்கம் எங்கள் கோயில் திருவிழா மேடைக்கும் வந்துவிட்டதடி. 'கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்' என்பது தப்பாம். 'கள்வனானாலும் கணவன், புலையனானாலும் புருஷன்' என்பதுதான் மூலமாம். ஒரே கைதட்டல். கல்லோடு குடும்பம் நடத்து என்பதற்குப் பதில் திருடனோடு நடத்து என்றால் பெண்ணுக்கு அதில் என்ன விமோசனம்? போதாக்குறைக்கு ஒரு சாதிப் பெயரையும் இழுத்து வசவாக்கியாயிற்று. சரி, காதுக்குமா தெரியவில்லை? கல்லா, புல்லா என்று எதுகை விழுவதால்தானே பள்ளிக்கூடமே போகாத என் பாட்டிக்கும் அது மனப்பாடம். கள்வனிலும் புலையனிலும் அந்த ஓசை எங்கே இருக்கிறது?

'பெண் புத்தி பின் புத்தி'க்கும் இதே கதிதான். பின்னால் வரப்போவதை முன்கூட்டியே அறியும் புத்தியாம். அப்படியானால் நான் பாலைப் பொங்கவிடும்போது மட்டும் இவர் ஏன் அதைச் சொல்கிறார்?

முன்னோர் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்ற பாசம்தான் இப்படி ஒட்டுப்போட வைக்கிறது என்று நினைக்கிறேன். பாரதிக்கு அந்தச் சங்கடமே இல்லை. ஔவையின் ஆத்திசூடியில் 'தையல் சொல் கேளேல்' என்று இருக்கிறது. அதற்குப் புது உரை தேடிக்கொண்டிராமல், புதிய ஆத்திசூடி என்று தனியாக எழுதி, 'தையலை உயர்வு செய்' என்று போட்டுவிட்டார்.

'சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளை' ஞாபகம் இருக்கிறதா? அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆண் பிள்ளை, ஆறு வயதுத் தம்பி. நீயும் நானும் டெண்ட் கொட்டகைக்கு இரண்டாம் ஆட்டம் போக, பாட்டி அந்தப் பழமொழியைச் சொல்லித்தானே அவனைத் துணைக்கு அனுப்பினாள்? இடைவேளைக்கு முன்பே மணலில் சுருண்டு தூங்கிவிட்டான். திரும்பும்போது நான் அவனை இடுப்பில் சுமக்க, நீ அவன் செருப்பை ஒரு கையிலும் மீதி முறுக்கை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தாய். வாசலில் காத்திருந்த பாட்டி, 'நல்லவேளை, இவன் கூட வந்தான்' என்றாளே! அவள் கேலியாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உனக்கு என்ன தோன்றியது?

இன்னொன்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போன காலத்தில் ஒரு நாள் வீட்டுக்குள் நுழையும்போதே, 'அந்த மாஸ்டர் தாலியறுக்கிறார்' என்று கத்திக்கொண்டு வந்தேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை. ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். அவளுக்கு அதை அறுத்த நாளில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். அப்படியும் அந்தச் சொல்லில் இருந்த தாலி என் காதில் விழவே இல்லை, பார்.

போன வாரம் பெரியவன் போனை வைத்துவிட்டு, 'இந்த கிளையண்ட் தாலியறுக்கிறான்' என்றான். அப்படியென்றால் என்னடா என்று கேட்டேன். 'ரம்பம் போடறான்னு அர்த்தம்மா' என்றான். அவனைத் திட்டவும் மனம் வரவில்லை. இதற்கெல்லாம் எந்த மேடையிலும் யாரும் புது விளக்கம் சொல்வதில்லை. இதையும் பழமொழி என்று யாராவது எண்ணினால்தானே?

அப்புறம், தம்பி பொங்கலுக்கு வருகிறான். இப்போது தொண்ணூறு கிலோ. தூக்கச் சொன்னால் நம்மால் ஆகாது. நீயும் இரண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போ. வரும்போது உங்கள் ஊர்ச் சின்ன வெங்காயம் கொஞ்சம் கொண்டுவா.

அன்புடன்,
சரோஜா