ஓய்வுக்குப் பிறகும் பரிசோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மே 4 உலகத் தீயணைப்பு வீரர் தினம். அன்று எங்கள் வீட்டில் ஜொகன்னஸ்பர்க் பேச்சுதான். 2018 செப்டம்பர் 5-ஆம் தேதி அங்கே பேங்க் ஆஃப் லிஸ்பன் கட்டடத் தீயில் மூன்று வீரர்கள் இறந்தார்கள், அதை டிவியில் பார்த்த அம்மா அன்று சாப்பிடவே இல்லை.

என் மாமாவும் 26 வருஷம் தீயணைப்பு வேலை பார்த்தவர். கரி படிந்த உடுப்போடு அப்படியே வீட்டுக்கு வருவார், அத்தைதான் துவைத்துப் போடுவார், அதில் விஷம் ஒட்டியிருக்கும் என்று எந்தப் பயிற்சியிலும் மாமாவுக்குச் சொல்லித்தரவில்லை. 2022-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்பு வேலையே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அறிவித்துவிட்டது. மாமாவுக்கு ஓய்வூதியம் வருகிறது, சரி, ஆனால் ஓய்வு பெற்ற நாளோடு மருத்துவப் பரிசோதனை நின்றுபோனது. புற்றுநோய் தலைகாட்டப் பல வருஷம் ஆகுமே, அப்போதுதானே பரிசோதனை அவசியம்? தென்னாப்பிரிக்க நகராட்சி ஊழியர் சங்கமான சாம்வு போன்ற தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சில் இதையும் கேட்க வேண்டும், அப்புறம் உடுப்பை நிலையத்திலேயே துவைக்கும் வசதியையும்.

ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்