செம்பாவும் அந்த ஆறு பாட்டில்களும்

கோவில்பட்டி,
ஞாயிறு மாலை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. அண்ணனுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறார் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அத்தைக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். "படியேற அவசரப்பட வேண்டாம்னு எழுது" என்றார்கள், எழுதிவிட்டேன். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு நாகர்கோவிலுக்கு மாற்றல் ஆகிவிட்டது, வாரக் கடைசியில் வந்து போகிறாள். அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மழைதான் இன்னும் வரவில்லை. கரிசலை உழுது போட்டுவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, உன் நாய் செம்பா விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கே எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

போன தீபாவளிக்கு விறகு அடுக்குக்குப் பின்னால் புகுந்துகொண்டு, சோறு தண்ணீர் இல்லாமல் இரண்டு நாள் நடுங்கிக் கிடந்தாள் என்று எழுதியிருந்தாய். இந்த வருஷம் அப்படி ஆகக்கூடாது என்று பெங்களூரிலிருந்து உன் நாத்தனார் மகள் ஆறு பாட்டில் எசென்ஷியல் ஆயிலும் (செடிகொடியிலிருந்து எடுக்கிற வாசனை எண்ணெய்), தண்ணீர் ஊற்றினால் பனி மாதிரி விடும் டிஃப்யூசரும் அனுப்பியிருக்கிறாள். காதுக்குப் பின்னால் நாலு சொட்டு தடவினால் நாய் சாதுவாகிவிடும் என்றும் சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளை அன்பாகத்தான் அனுப்பியிருக்கிறது. ஆனால் தடவாதே, வசந்தா. இந்தக் கடிதம் வருவதற்குள் தடவியிருந்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உங்கள் ஊர் கால்நடை மருத்துவருக்குப் போன் செய். அப்புறம் எனக்கும் செய்.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்றால், உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கார்த்திகை மழை விட்ட சமயம். எங்கள் கருப்பனுக்கு உண்ணி. சிப்பிப்பாறை நாய்க் கலப்பு என்பதால் அவனுக்கு ரோமம் ஒட்டினாற்போலத்தான் இருக்கும். இருந்தும் விரல் இடுக்கிலும் காது மடலிலும் மிளகு மிளகாக அப்பிக்கொண்டிருந்தன. மருந்து வாங்கப் போன கடையில், "கெமிக்கல் எதுக்கு? இது மரத்திலிருந்து எடுத்தது, சுத்தமான டீ ட்ரீ ஆயில்" என்று ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார்கள். மரம் என்றதும் நானும் வேம்பு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். எதிலும் கலக்காமல் பிடரியிலும் இரண்டு காதிலும் பஞ்சால் ஒற்றினேன். அவன் தலையைத் தலையை உதறினான். சுவரில் முகத்தைத் தேய்த்தான். எரிகிறது என்று அவன் சொன்னது எனக்குப் புரியவில்லை. "இருடா, சரியாயிடும்" என்று பிடித்துவைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஒற்றினேன்.

மத்தியானம் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு கூப்பிடுகிறேன், திண்ணையிலிருந்து எழுந்தவனுக்குப் பின்னங்கால் இரண்டும் மடிகின்றன. ஒற்றைப் படி. தினமும் ஒரே தாவலில் ஏறுகிறவன், முன்னங்காலைப் படியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றான். வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. தொட்டால் உடம்பெல்லாம் மெல்ல அதிர்ந்தது, ஓடுகிற தையல் மிஷினில் கை வைத்த மாதிரி.

டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் முதலில் கேட்டது, என்ன தடவினீர்கள் என்றுதான். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தால் இரண்டு முறை அலசுங்கள், அவன் நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாந்தி எடுக்க வைக்க முயற்சி செய்யாதீர்கள், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள் என்றார். இந்த எண்ணெய் உள்ளே போயிருந்தால், வாந்தி வரும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடும் ஆபத்து இருக்கிறதாம். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. மூன்றாவது நாள் எழுந்து நின்று, அத்தை பிசைந்து கொடுத்த தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டான். அந்த இரண்டு ராத்திரியும் நான் அவன் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்திருந்தேன். உனக்கு எழுதக்கூட அப்போது கை வரவில்லை.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் விலங்குகளுக்கான விஷ முறிவு ஆலோசனை மையம் ஒன்று இருக்கிறது. 2002 முதல் 2012 வரை, கலக்காத டீ ட்ரீ எண்ணெய் பட்டு அங்கே பதிவானவை 443. அதில் 337 நாய்கள், மற்றவை பூனைகள். தள்ளாட்டம், நடுக்கம், கால் பலமிழந்து மடிவது, எச்சில் ஒழுகுவது என்று கருப்பனுக்கு நடந்தது அப்படியே அதில் எழுதியிருந்தது. பட்ட சில மணி நேரத்தில் தொடங்கி மூன்று நாள் வரைக்கும்கூட இருக்குமாம். என் மனதைப் பிசைந்தது வேறொரு வரி. அதில் பத்துக்கு ஒன்பது பேர் தெரியாமல் கொட்டியவர்கள் இல்லை, நல்லது என்று நினைத்துத் தாங்களே தடவியவர்கள்.

பேச்சிலேயே நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, வசந்தா. எண்ணெய் என்றால் நமக்கு எள்ளின் நெய்தான். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் செக்கில் ஆட்டிப் பிழிவது. குழந்தை உடம்பு முழுக்கத் தடவலாம். இந்தச் சின்ன பாட்டிலில் இருப்பதும் எண்ணெய் என்ற பெயரில் வருவதால் அந்தக் கைப்பழக்கத்திலேயே இதையும் தடவிவிடுகிறோம். கல்லூரி முடித்த வருஷம் உன் சித்தப்பா நம்மை ஊட்டிப் பக்கம் தைலம் காய்ச்சுகிற கொட்டகைக்குக் கூட்டிப்போனாரே, ஞாபகம் இருக்கிறதா? யூகலிப்டஸ் இலையை மூட்டை மூட்டையாகக் கொட்டி, மிதித்து அமுக்கி, மேலே மூடி போட்டு மண் பூசி, கீழே நாள் முழுக்கத் தீ எரித்தார்கள். ஆவி குழாய் வழியே தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் குளிர்ந்து, கடைசியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவ்வளவு இலைக்கும் கிடைத்தது சில பாட்டில்தான். உனக்குக் கண்ணெல்லாம் நீர் வழிந்து வெளியே ஓடினாய். அந்த இலை மலையின் சாறெல்லாம்தான் ஒரு சொட்டுக்குள் இருக்கிறது. நமக்கே வெளியே ஓடத் தோன்றியது. நம் மூக்கில் வாசனை அறியும் செல்கள் சுமார் 50 லட்சம் என்கிறார்கள். நாய்க்கு இனத்தைப் பொறுத்து 10 கோடியிலிருந்து 30 கோடி வரை. அதன் தோலும் நம் தோலைவிட மெல்லியது. தடவினால் உள்ளே போகும், நக்கினால் இன்னும் சீக்கிரம் போகும்.

அப்படியானால் எல்லாமே பொய்யா என்று கேட்பாய். இல்லை. உன் ஆறு பாட்டிலில் ஒன்றான லாவண்டர் விஷயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் டெபோரா வெல்ஸ் என்பவரும் உடனிருந்தவர்களும் 2005ல் காப்பகத்து நாய்கள் 55ஐ வைத்துப் பார்த்தார்கள். லாவண்டர், கெமொமைல் வாசனை இருந்தபோது அவை அதிகம் படுத்திருந்தன, குரைப்பதும் குறைந்தது. ரோஸ்மேரியும் பெப்பர்மின்டும் வைத்தபோது மாறாக எழுந்து நடமாட்டம் கூடியது. அடுத்த வருஷம், காரில் ஏற்றினாலே தவிக்கிற 32 நாய்களுக்கு லாவண்டர் வாசனையை வைத்தபோதும் கத்தலும் அலைச்சலும் குறைந்ததாக எழுதியிருக்கிறார். ஆனால் பார், இரண்டிலும் காற்றில் வந்த வாசனை மட்டும்தான். யாரும் காதில் தடவவில்லை, சாப்பிடக் கொடுக்கவும் இல்லை. அதோடு அவை காப்பகமும் கார் பயணமும். தலைக்கு மேலே ஆயிரம்வாலா வெடிக்கும்போது லாவண்டர் தனியாகத் தாங்கும் என்று நான் நம்பவில்லை.

உன் ஆறு பாட்டிலில் டீ ட்ரீ, பெப்பர்மின்ட், யூகலிப்டஸ் மூன்றையும் செம்பாவின் பக்கமே கொண்டுபோகாதே. எலுமிச்சைப்புல்லையும் ஆரஞ்சையும் அலமாரியில் பூட்டிவை. டிஃப்யூசரைத் திருப்பி அனுப்பிவிடு, அல்லது யாருக்காவது கொடுத்துவிடு. அது விடுகிற பனி நுண்ணிய துளியாக ரோமத்தில் படியும், அவள் அதை நக்கி உள்ளே அனுப்புவாள். உன் பூனை மீனுவுக்கு இன்னும் மோசம். இந்த எண்ணெய்களைக் கரைத்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நாள் பூராவும் தன் உடம்பையே நக்கிக்கொண்டிருக்கிற ஜீவன் வேறு.

மிஞ்சுவது லாவண்டர். லேபிளில் லாவெண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்ற தாவரப் பெயர் இருக்கிறதா பார். வெறும் "ஃப்ராக்ரன்ஸ்" என்று இருந்தால் அது சென்ட், வேண்டாம். பழைய கைக்குட்டையில் ஒரே ஒரு சொட்டு விட்டு, செம்பாவுக்கு எட்டாத உயரத்தில், அவள் படுக்கிற மூலைக்கு எதிர் மூலையில் கட்டிவிடு. கதவு திறந்தே இருக்கட்டும், மீனுவை வேறு அறையில் விட்டுவிடு. கால் மணி நேரம் போதும், பிறகு கைக்குட்டையை வெளியே எடுத்துவிடு. அந்தக் கால் மணி நேரமும் நீ அவளைப் பார். பெருமூச்சு விட்டு மோவாயைத் தரையில் வைத்தால் சரி. மூக்கை நக்கிக்கொண்டே இருந்தால், கொட்டாவி மேல் கொட்டாவி விட்டால், தும்மினால், முகத்தைத் திருப்பிக்கொண்டு அறையை விட்டுப் போனால், அவளுக்குப் பிடிக்கவில்லை. அத்தோடு விட்டுவிடு. கருப்பன் சுவரில் முகத்தைத் தேய்த்தபோது நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

இன்னொன்று, இதைத் தீபாவளி அன்றைக்குப் புதிதாக ஆரம்பிக்காதே. அன்றைக்கு முதன்முதலாக லாவண்டர் வாசனை வந்தால், லாவண்டர் என்றாலே வெடி என்று அவள் மனதில் பதிந்துவிடும். இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. சாயங்காலம் நீ காபி குடித்துக்கொண்டு அவள் தலையைத் தடவுகிற நேரம் இருக்கிறதே, அந்த அமைதியான நேரத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வை. அந்த வாசனை வந்தால் வசந்தா பக்கத்தில் இருப்பாள் என்று அவளுக்குப் பழகட்டும். முன்பு வலிப்பு வந்திருந்தாலோ மூச்சுத் தொந்தரவு இருந்தாலோ இதுவும் கூடாது. தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

கேட்கும்போதே சத்த பயத்துக்கு மாத்திரை உண்டா என்றும் கேள். இரண்டு நாள் சாப்பிடாமல் நடுங்குகிற நாய்க்கு அது தேவைப்படலாம். தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வெடிக்க நேரம் வைத்திருக்கிறார்கள், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் வெடிப்பார்கள் என்பது உனக்கே தெரியும். இங்கே சிவகாசி பக்கத்தில் இருப்பதால் ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடும். நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். பொழுது சாயும் முன்பே சங்கிலி போட்டு நடக்கக் கூட்டிப்போய் வந்து, சோற்றையும் சீக்கிரமே போட்டுவிடுவோம். நடு அறை ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டு, ஃபேனை வேகமாக வைத்து, டிவியையும் போட்டுவிடுவோம். கட்டிலுக்கு அடியில் என் பழைய சேலை ஒன்றை விரித்திருப்பேன். அவனே போய்ப் படுத்துக்கொள்வான். நான் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொள்வேன். கொஞ்சினால் பயம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. பயந்தவன் பக்கத்தில் உட்காருவதால் பயம் வளராது. கருப்பன் ஒரு முன்னங்காலை மட்டும் வெளியே நீட்டி என் முழங்காலில் வைத்துக்கொள்வான், ராத்திரி முழுக்க. போன வருஷம் லாவண்டர் வைக்கவே இல்லை, அப்படியே தூங்கிவிட்டான்.

தைலம் என்றதும் நினைவு வருகிறது. அத்தை ராத்திரி முழங்காலுக்கு வலித் தைலம் தேய்த்துக்கொள்வார்கள், கருப்பன் போய் அதை நக்குவான், நாங்கள் அதைப் பாசம் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தத் தைலங்களில் பலவற்றில் விண்டர்கிரீன் எண்ணெயும் கற்பூரமும் இருக்கிறது. விண்டர்கிரீனில் உள்ளது ஆஸ்பிரினுக்குச் சொந்தக்கார மருந்து, நாய் வயிற்றைப் புண்ணாக்கும். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். இப்போது அத்தை தேய்த்ததும் கால் வரைக்கும் பழைய வேட்டியைச் சுற்றிக்கொள்கிறார்கள். அண்ணன் இந்த நேரத்தில் முழங்காலுக்கு ஏதாவது தேய்த்துக்கொண்டிருந்தால் செம்பாவைப் பார்த்துக்கொள். டிரங்குப் பெட்டியில் போடுகிற அந்துருண்டையும் அப்படித்தான், கீழே ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். தீபாவளி முடிந்த வாரம் சின்னவளுக்கு நாலு நாள் லீவு. அவளையும் கூட்டிக்கொண்டு குன்னூர் வரலாம் என்று இருக்கிறேன். கடலைமிட்டாய் கொண்டுவருகிறேன், செம்பாவுக்கு வெல்லம் போடாமல் வறுத்த கடலை தனியாக. அவள் முதல் நாள் என்னிடம் வராவிட்டாலும் பரவாயில்லை, வாசல்படியில் உட்கார்ந்து காத்திருப்பேன். தீபாவளி அன்று ராத்திரி எந்நேரம் ஆனாலும் போன் செய், நானும் கருப்பனோடு தரையில் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அண்ணனுக்கு என் வணக்கம்.

உன்
செல்வி