பழைய வங்கிக் கட்டடங்களை இடிக்க அவசரப்படாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கோயில், சத்திரம் என்றால் குரல் கொடுக்க நாலு பேர் இருக்கிறார்கள், பழைய வங்கிக் கட்டடத்தை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. 1906இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்ற வெள்ளைக்காரர்களின் தனியார் வங்கி திவாலாகி ஏகப்பட்ட பேரின் சேமிப்பு போனது. அதற்கு இரண்டு வருடம் முன்பே கும்பகோணத்தில் கும்பகோணம் வங்கி (இன்றைய சிட்டி யூனியன் வங்கி அதுதான்) தொடங்கிவிட்டது, அப்புறம் 1916இல் கரூர் வைஸ்யா வங்கி, 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்று ஊர்க்காரர்களே முதல் போட்டு ஆரம்பித்தார்கள்.

டெபாசிட்டுக்குக் காப்பீடு 1962இல்தான் வந்தது. அதுவரை பணம் போடுகிறவருக்குக் கண்ணில் படும் தைரியம் அந்தக் கட்டடம்தான்: கனத்த சுவர், ஜன்னலில் விரலளவு கம்பி, பெட்டக அறையின் இரும்புக் கதவு, கை பட்டுப் பட்டு விளிம்பு மழுங்கிப்போன தேக்கு கவுன்ட்டர். இதெல்லாம் அலங்காரம் இல்லை சார், நம்பிக்கையைச் சம்பாதித்த விதம்.

சரி, எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. இடிப்பதற்கு முன்னால் அளந்து வரைபடமாவது எடுங்கள், பழைய பேரேடுகளை எடைக்குப் போடாமல் மாவட்ட நூலகத்தில் சேருங்கள். வலுவாக நிற்கிற கட்டடத்தை நூலகமாகவே மாற்றலாம், பெட்டக அறைக் கதவை மட்டும் கழற்றாதீர்கள்.

— ஒரு வாசகர்