படிப்பகக் கழிப்பறையும் சாய்தளமும்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

படிப்பகத்தின் பின்புறம் நம் சங்கம் எடுத்துச் செய்த கழிப்பறைப் பணியும் முன்வாசல் சாய்தளமும் முடிந்து, திறந்தும் ஆகிவிட்டது. பொதுக்குழுவில் சொன்ன தேதிக்கு முடியவில்லை. அது ஏன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து ரசீதுகளோடு பதிவேட்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இரத்ததான முகாம், பழைய மூக்குக் கண்ணாடி சேகரிப்பு ஆகியவை ஆண்டறிக்கையில் வரும்.

கழிப்பறை என்று முதலில் பேச்சு எழுந்தபோது, “அதில் யார் பேரைப் போடுவது?” என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் நன்கொடை கேட்டுப் போன இடங்களில் அது சிரிக்கும் விஷயமாக இல்லை. புத்தக அலமாரிக்கு உபயம் எழுதிக்கொள்ள ஆள் உண்டு, கழிப்பறைக் கதவுக்கு இல்லை. அப்போது நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு தகவல் சொன்னார். 1905-ல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரி சங்கம், 1907-ல் முதன்முதலாகக் கையில் எடுத்த பொதுக் காரியமே பொதுக் கழிப்பறைதானாம். அதற்குப் பிறகு வாக்கெடுப்பு தேவைப்படவில்லை.

தேவை என்னவோ எப்போதும் கண்ணெதிரே இருந்ததுதான். காலையில் வரும் பெண் பிள்ளைகள் மதியத்துக்கு மேல் படிப்பகத்தில் தங்குவதில்லை. ஆர்வம் குறைவு என்று நாமே முடிவு கட்டி வைத்திருந்தோம். கேட்டபோதுதான், தண்ணீர் குடிக்காமலே வந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

இனி சாய்தளம். வாசலில் மூன்று படி, மொத்த உயரம் 45 செ.மீ. இரண்டு மீட்டர் நீளம் போதும் என்று நாங்கள் வரைந்து வைத்திருந்தோம். சக்கர நாற்காலியில் வரும் நம் உறுப்பினர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “இது சாய்தளம் இல்லைங்க, சறுக்குமரம்” என்றார். 1 செ.மீ. ஏற 12 செ.மீ. ஓட வேண்டும் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் 45 செ.மீ. ஏற 540 செ.மீ. நேர்கோட்டில் அவ்வளவு இடம் இல்லாததால் நடுவில் பக்கத்துக்கு 150 செ.மீ. அளவில் சதுர மேடை போட்டுத் திருப்பியிருக்கிறோம். கழிப்பறைக் கதவை 90 செ.மீ. அகலத்தில், வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்ததும் அவர் சொல்லித்தான். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர்களே அடைத்துக்கொண்டு கிடப்பார்கள். இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தாமதத்துக்கு முதல் காரணம் நாமேதான். குழி தோண்டும் வேலையைத் தொண்டர்களே செய்வது என்று முடிவெடுத்திருந்தோம். முதல் சனிக்கிழமை மண்வெட்டி போதாமல் ஆள் நின்றது. மூன்றாம் சனிக்கிழமை ஆள் போதாமல் மண்வெட்டி நின்றது. அப்புறம் குழாய்க்கான வாய்க்கால். சாய்வு கூடக் கூட நல்லது என்று நினைத்துச் செங்குத்தாகத் தோண்டிவிட்டோம். கொத்தனார் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். சாய்வு அளவுக்கு மீறினால் தண்ணீர் முந்தி ஓடிவிடும், கழிவு பின்னால் தங்கிவிடும், கொஞ்ச நாளில் அடைப்புதான். மண்ணை மறுபடி நிரப்பி, இடித்துக் கெட்டிப்படுத்தி, 4 அங்குலக் குழாயைச் சரியான வாட்டத்தில் பதித்தோம். அதற்கே ஒரு வாரம் போனது. மேடைக்குப் போட்ட கான்கிரீட்டை ஈரச் சாக்கு மூடி ஏழு நாள் நனைத்த இளைஞர் அணியைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

மின் இணைப்புக்காகக் காத்திருந்ததில், கட்டி முடித்த கழிப்பறை சில வாரம் பூட்டியே கிடந்தது. திறப்புக்கு முந்தின நாள் கதவைத் திறந்தால் குப்பென்று நாற்றம். யாருமே பயன்படுத்தாத கழிப்பறை! தொட்டி கசிகிறது என்றார் ஒருவர், குழாய் விட்டுவிட்டது என்றார் இன்னொருவர். தரை ஓடுகளைப் பெயர்க்கக் கடப்பாரை வரைக்கும் வந்துவிட்டது. ப்ளம்பர் வந்து மூலையில் இருந்த தரை வடிகாலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, “காலையில் பாருங்கள்” என்று சொல்லிப் போனார். காலையில் நாற்றம் இல்லை. குழாயின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதுதான் கீழிருந்து வரும் வாயுவைத் தடுக்கும் மூடி. 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் இந்த வளைவோடு சேர்த்துத்தான் தம் கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். பூட்டிக் கிடந்த வாரங்களில் அந்தத் தண்ணீர் காய்ந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். நீண்ட விடுமுறைக்குப் பின் திறப்பவர்கள் மறக்காமல் ஒரு வாளி ஊற்றிவிடுங்கள்.

குறைகள் சில இன்னும் இருக்கின்றன. கண்ணாடியை நின்று பார்ப்பவர் உயரத்துக்கே மாட்டிவிட்டோம், இறக்க வேண்டும். சோப்பு வைக்கும் தட்டு கைக்கு எட்டாத பக்கம் போய்விட்டது. வழவழப்பான தரை ஓடுகளை நல்லவேளையாகப் பதிக்கும் முன்பே கடையில் மாற்றிக்கொண்டோம்.

பணத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளே போயிருக்கிறது: தொட்டி, குழாய், உறிஞ்சுகுழி. படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இல்லை. மிச்சத் தொகையைத் தொடாமல், கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யும் செலவுக்கென ஒதுக்கியிருக்கிறோம். தொட்டிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் இறக்கக் கூடாது, இயந்திரம் கொண்டுதான் உறிஞ்ச வேண்டும் என்று தீர்மானம் எழுதியாகிவிட்டது. உள்ளே தேங்கும் வாயு நொடியில் ஆளை விழவைக்கும். காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்து.

கல்வெட்டு வைக்கவில்லை. நன்கொடையாளர் பட்டியல் பதிவேட்டில் உள்ளது.

தினசரி சுத்தத்துக்குச் சம்பளத்துக்கு ஆள் போட்டாயிற்று. வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து, குழாய், விளக்கு, தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று குறித்து வைக்கும் முறை மட்டும் உறுப்பினர்களுடையது. முதலாம், மூன்றாம் வாரங்களுக்குப் பெயர்கள் வந்துவிட்டன. இரண்டாம், நான்காம் வாரங்கள் காலியாக இருக்கின்றன. திறப்பு விழாப் படத்தில் முன்வரிசையில் நின்றவர்களின் பெயர்களை முதலில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
பணிக்குழு