பிள்ளைகளுக்குச் செய்தி படிக்கக் கற்றுத்தரும் அக்காவுக்கு நன்றி

பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

பல வருடம் ஊழல் செய்திகளைத் தோண்டியெடுத்த நீங்கள், இப்போது தண்டையார்பேட்டையில் எங்கள் பிள்ளைகளுக்கு, வரும் செய்தி உண்மையா பொய்யா என்று பார்க்க வகுப்பெடுக்கிறீர்கள். புலிட்சர் பரிசு வாங்கிய பத்திரிகையாளர் ஆலன் மில்லரும் 2008-இல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு அமைப்பைத் தொடங்கினார் என்பது நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

போன மழையில் 'காசிமேட்டுக்குள் கடல் புகுந்துவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மாமியார் மூட்டை கட்டவே ஆரம்பித்துவிட்டார். என் மகள் படத்தைப் பெரிதாக்கி, ஓரமாக நின்ற ஆட்டோவின் நம்பர் பிளேட்டைக் காட்டினாள். 'ஏபி' என்று இருந்தது. பின்னால் இருந்த கடை போர்டும் தெலுங்கு. அப்புறம் கூகுள் லென்ஸில் போட்டாள், பழைய படம் என்று தெரிந்துவிட்டது.

வந்ததெல்லாம் பொய் என்று தள்ளிவிடவும் நீங்கள் விடுவதில்லை. எனக்கு அதுதான் பெரிது. 2023 டிசம்பரில் எண்ணூரில் தண்ணீரில் எண்ணெய் கலந்ததும் உண்மை, அதே மாதம் அங்கே அம்மோனியா வாயு கசிந்ததும் உண்மை. அன்று நம்பாமல் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வகுப்புக்கு ஒரு புரொஜெக்டர் வாங்க அம்மாக்கள் சேர்ந்து பணம் போட்டிருக்கிறோம். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அக்கா.