பென்சில் டப்பாவில் பச்சரிசி

அன்புள்ள கலா,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில். திட்டுவதைத் திட்டிவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் நலம், அம்மாவின் மூட்டுவலியைத் தவிர. சிவகாமி மறுபடியும் மாறுதல் வாங்கிவிட்டாள். யாரைப் பிடித்தாள் என்று கேட்காதே, உனக்கே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் பாடம் எடுக்கும் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். பென்சில் டப்பா நிறையப் பச்சரிசி வைத்துக்கொண்டு நாள் முழுக்க மெல்லுவாள். "உன் கல்யாணத்துக்குக் குடையோடு வருகிறோம்" என்று வகுப்பே கேலி செய்யும். (உன் கல்யாணத்தில் பந்தல் ஒழுகி, சாம்பார் ரசமானதை நான் இன்னும் மறக்கவில்லை அம்மா.)

பள்ளிப் பிள்ளைகளின் உடம்பைப் பரிசோதிக்க வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு போன மாதம் வந்தது. 2013-லிருந்து நடக்கும் திட்டம்தான். பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் எல்லாம் பார்ப்பார்கள். டாக்டரம்மா இவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், "அரிசி, மண், சாம்பல் ஏதாவது தின்பியா?" என்று கேட்டார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் இப்படித் தின்னத் தோன்றுமாம். விரலில் குத்திப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7. இந்த வயதில் 12 இருக்க வேண்டும். 8-க்குக் கீழே போனாலே கடுமையான ரத்தசோகை.

வாராவாரம் வியாழக்கிழமை பள்ளியில் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோமே என்கிறாயா? கொடுக்கிறோம். நாக்குக்கடியில் ஒதுக்கி வைத்து, வெளியே போய் வேப்பமரத்தடியில் துப்புகிறார்கள். அந்த மரத்துக்குத்தான் ரத்தம் ஊறுகிறது! வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மலம் கறுப்பாகப் போகும், அது பயப்படுகிற விஷயமில்லை என்று முதலிலேயே சொல்லிக் கொடுத்தால் பாதிப் பேர் விழுங்கிவிடுவார்கள். இப்போது நான் சாப்பாட்டு நேரத்திலேயே எதிரில் உட்கார்ந்துவிடுகிறேன். வில்லி என்று பெயர் வைத்திருப்பார்கள், வைக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு அவள் கணக்கு நோட்டுக்குள்ளேயே கிடந்தது. அவள் அம்மா விடிவதற்கு முன்பே மல்லி பறிக்கப் போகிறவள். ஒரு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. அது போதாதென்று, ரத்தம் ஏற்றிவிடுவார்களோ என்ற பயம் வேறு. சீட்டை எழுதுவது சுலபம் கலா. அதைத் தூக்கிக்கொண்டு அலைவது யார் என்று எழுதுகிறவர்களுக்கு எங்கே தெரிகிறது?

கடைசியில் நானே இருவரையும் அழைத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த நர்ஸ், அவள் அம்மாவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீயும் கையை நீட்டு" என்றார். 8.4. "எனக்கு எப்பவும் இப்படித்தானே டீச்சர், நாலு படி ஏறினா மூச்சு வாங்கும்" என்கிறாள், ஏதோ பரம்பரைச் சொத்து மாதிரி. வீட்டில் ஒரே முறத்திலிருந்து அம்மாவும் மகளும் அரிசி அள்ளுகிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று படித்துவிட்டு, அடுத்த பக்கம் புரட்டியவர்கள்தானே நாம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. பிள்ளையைப் பள்ளியில் பிடித்துப் பரிசோதிக்கிறோம். அதே உலையில் சாப்பிடும் அம்மாவை யார் பார்ப்பது? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தாய்மார்கள் எப்படியும் வருகிறார்கள். அன்று கிராம சுகாதார செவிலியரை வரவழைத்து எல்லாருக்கும் விரலில் குத்திப் பார்த்தால் என்ன? ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்த்தே பார்க்கலாம். தலைமையாசிரியரிடம் சொன்னேன். "நல்லதுதான். ஆனா இதை எமிஸ்ல எங்கே ஏத்துறது?" என்றார். பள்ளி விவரமெல்லாம் பதிகிற அரசு இணையதளம்தான் அந்த எமிஸ். மனுஷனைக் குறை சொல்லவும் முடியவில்லை, அவர் கவலை அவருக்கு.

உன் நாத்தனார் சுகாதாரத் துறையில்தானே இருக்கிறாள்? இப்படி ஒரு முகாமுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரைப் பார்க்க வேண்டும், கடிதம் யார் பெயருக்கு எழுத வேண்டும் என்று கேட்டுச் சொல். அடுத்த கூட்டத்துக்குள் தெரிந்தால் நல்லது. அப்புறம், உன் பெண்ணுக்கும் உனக்கும் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடு. பள்ளிப் பிரேயரில் தினம் தினம் மயங்கி விழுந்தவள் நீ. அன்று எல்லாரும் நடிப்பு என்றார்கள்.

உன்,
வசந்தி